ரிசல்ட்டைச் சொல்லாதே

அணுபுரத்தில் நாங்கள் குடியிருந்த பிளாக்கில் ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரும் கால்பந்தைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார்கள். குடியிருப்போர் சங்கத்தில் தீர்மானம் எதுவும் போடவில்லை. எல்லாம் கீழ்வீட்டு அக்காவுக்குப் பயந்துதான்.

அக்கா எந்த ஆட்டத்தையும் அது நடக்கும்போது பார்க்க மாட்டார். வெளிநாட்டு ஆட்டங்கள் நமக்கு நடுராத்திரியில் வரும். அக்காவுக்கோ விடியற்காலையில் ஓடப் போக வேண்டும். அதனால் சாப்பிட்ட கையோடு படுத்துவிடுவார். மறுநாள் ஓடிவிட்டு வந்து, குளித்து, உலை வைத்துவிட்டு, சாவகாசமாக உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் பார்ப்பார். அதுவரைக்கும் முடிவு அவர் காதில் விழக்கூடாது. எங்கள் மாடிக்கும் மேலே இருந்த பேச்சிலர்கள் கோல் விழுந்தால் கட்டடமே அதிரக் கத்துவார்கள் என்பதால் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்குவார். காலையில் பால் வாங்கப் போகும்போதும் அதே பஞ்சு. எதிரில் வருகிறவர் வாயைத் திறந்தாலே போதும், டிராபிக் போலீஸ் மாதிரி கையை நீட்டிவிடுவார்.

"சொல்லாத! ரிசல்ட்ட சொல்லாத! நான் இன்னும் பாக்கல."

எதிர் பிளாக்கில் இருந்த பெரிய அதிகாரி ஒருவர் குட் மார்னிங் சொல்ல வந்து, அதையும் சொல்லாமல் திரும்பிப் போனதை நானே பார்த்தேன்.

அக்காவின் வீட்டுக்காரர் அணுமின் நிலையத்தில் டெக்னீசியன். அதிகம் பேசாத மனிதர். அவருக்கும் கால்பந்துக்கும் இருந்த ஒரே சம்பந்தம், ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தை உருவி மெத்தைக்கு அடியில் வைத்துவிட்டு மிச்சத்தை அக்காவிடம் கொடுப்பது. அதை ஏன் செய்கிறோம் என்று அவர் யோசித்த மாதிரியும் தெரியவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விடுவது போல அதுவும் ஒரு பழக்கம்.

அக்காவுக்குச் சொந்த ஊர் அச்சரப்பாக்கம் பக்கம். விவசாயக் குடும்பம். ஊரில் பந்தை உதைத்தவர் என்றோ, அண்ணன் தம்பி யாராவது ஆட்டக்காரர் என்றோ நினைத்துவிட வேண்டாம். கேபிள்காரரிடம் பக்திச் சேனல் கேட்டிருக்கிறார். அவர் தவறுதலாக ஸ்போர்ட்ஸ் பேக்கேஜைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். மாற்ற ஆள் வருவதற்குள் அக்கா ஒரு ஆட்டத்தை முழுசாகப் பார்த்துவிட்டார். ஆள் வந்தபோது, "பரவால்ல, இதுவே இருக்கட்டும். சாமி எங்க போவப் போவுது" என்று அனுப்பிவிட்டாராம். அன்றைக்குச் சிவப்புச் சட்டை போட்டு ஆடிய அணிதான் அதற்குப் பிறகு அவர் அணி. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப் பேர் இதற்கு மேல் படிக்க மாட்டீர்கள்.

பழைய ஆட்டங்களை ஆப்பில் பார்க்கும் வசதி வந்தபிறகு அக்காவுக்கு ஒரு பேஜாரு. ஆட்டத்தின் படத்துக்குக் கீழேயே யார் எத்தனை கோல் என்று கொட்டை எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். இதற்காகத்தான் என்னை வேலைக்கு வைத்தார். நான் சங்கரன்கோவில்காரி. அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. பந்து எதற்காக அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போகிறது என்றுகூட எனக்கு அப்போது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை குரல் கொடுப்பார். நான் இறங்கிப் போவேன். அக்கா டிவிக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நிற்பார். நான் ரிமோட்டை வாங்கி, ஆட்டத்தைத் தேடி ஓடவிட்டு, "ஆச்சுக்கா" என்பேன். ஆக அக்காவின் வீட்டுக்குள் அவருக்கு முன்னால் முடிவு தெரிந்த ஆள் எப்போதும் நான்தான். அதனால் என் முகத்தைப் பார்க்கவே அவருக்குப் பயம்.

"அப்டியே திரும்பாம போயிடு. உன் மூஞ்சில ஸ்கோரு எழுதிகீது."

எனக்குக் கோபம்தான் வரும். உதவிக்கு வந்தவளைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறை. ஆனால் கதவை அடைவதற்குள், "இட்லி எட்த்துகினு போ" என்று பின்னாலேயே ஒரு தூக்கு வரும்.

முடிவைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பது ஆட்டத்தோடு நிற்கவில்லை. பெங்களூரில் வேலை பார்த்த மகன் ஓடுவதற்கென்றே ஒரு வாட்ச் அனுப்பினான். எவ்வளவு தூரம், என்ன வேகம், நெஞ்சு எப்படித் துடிக்கிறது, எல்லாம் காட்டும். அக்கா அதன் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்தார். மிக்சி வாங்கினாலும் அப்படித்தான் படிப்பார். வாஷிங் மெஷின், போன், பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய போன், எதுவாக இருந்தாலும் புத்தகம் அக்காவிடம் வந்துவிடும். அதனால்தான் பிளாக்கில் எந்தச் சாமான் மக்கர் பண்ணினாலும் மெக்கானிக்குக்கு முன்னால் அக்காவைக் கூப்பிடுவார்கள். அப்படிப் படித்து, எல்லாவற்றையும் சரியாக செட் பண்ணி, வாட்ச்சைக் கையில் கட்டி, அதன் முகத்தில் ஒரு பிளாஸ்திரியை ஒட்டினார்.

"எதுக்குக்கா இவ்வளவு விலையில வாங்கி மூடி வைக்கணும்?"

"பாத்துகினே ஓடுனா வாட்ச்சுதான் ஓடும், நான் ஓட மாட்டேன். முட்ச்சிட்டு வந்து பிச்சிப் பாப்பேன்."

அப்படியே செய்வார். வேர்வையோடு படிக்கட்டில் உட்கார்ந்து, பிளாஸ்திரியைப் பிய்த்து, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். நன்றாக ஓடியிருந்தால் அன்றைக்குச் சாம்பார் இரண்டு வீட்டுக்குச் சேர்த்து.

என் போனைத் தொட்டால் மட்டும் அவருக்கு ஆகாது. "இன்னாடி இது, பூரா குட் மார்னிங் படமா ரொம்பிகீது. ரோஜாப்பூ, விளக்கு, ரோஜாப்பூ. மெமரி ஃபுல்லாயிடும், அழிச்சிடு" என்று வாரம் தவறாமல் சொல்வார். சாமி விளக்குப் படமாயிற்றே, எப்படி அழிப்பது? நான் சரி சரி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அக்காவிடம் ஒரு செய்தி சொல்வதற்குள் நமக்கு உயிர் போய்விடும். மகனுக்கு வேலை கிடைத்த அன்று நான் அங்கேதான் இருந்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "அம்மா, நல்ல செய்தி" என்றான். "இரு. மொதல்லேர்ந்து சொல்லு. எந்த சட்டை போட்டுகினு போன? எத்தினி பேரு கேள்வி கேட்டாங்க?" பாவம், அந்தப் பிள்ளை சட்டையின் நிறத்தில் ஆரம்பித்து, லிப்டில் சிக்கிக்கொண்டது வரைக்கும் வந்தான். அதற்கு மேல் தாங்கவில்லை. "கெடச்சிடுச்சும்மா!" என்று கத்திவிட்டான். அக்காவுக்கு சந்தோஷம்தான், ஆனாலும் கொஞ்ச நேரம் உர்ரென்று இருந்தார்.

இந்தப் பழக்கத்தை நாங்கள் எல்லோரும் கிண்டல் செய்வோம். அச்சரப்பாக்கத்திலிருந்து அவர் தம்பி பேசிய நாளுக்குப் பிறகு நான் கிண்டல் செய்யவில்லை. அன்றைக்கும் நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். போனை எடுத்த அக்கா தம்பியின் குரலைக் கேட்டதுமே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார். அவர் தாயார் பல நாளாகப் படுக்கையில் இருந்தார். "மொதல்லேர்ந்து சொல்லுடா" என்றார். தம்பியும் அக்காவை அறிந்தவர். அவசரப்படவில்லை. காலையில் அம்மா எழுந்தது, முகம் கழுவிவிடச் சொன்னது, காப்பி கேட்டது, சர்க்கரை பத்தவில்லை என்று திட்டியது, வாசலில் யார் போகிறார்கள் என்று விசாரித்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அக்கா ஊம் கொட்டிக்கொண்டே கேட்டார். நடுவில் ஒருமுறைகூட, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. கடைசியில் தம்பியால் பேச முடியாமல் போனபோது அக்காவே, "சரிடா, நான் கெளம்பி வரேன்" என்று சொல்லிப் போனை வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "காப்பி குடிச்சிதாம். சர்க்கர கொறச்சல்னு திட்டிச்சாம்" என்றார். எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அக்காவின் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். அவருக்கு எதிலும் முடிவுதான் வேண்டும். நீளமாக ஏதாவது சொன்னால், "கடைசில இன்னா ஆச்சு, அத்த சொல்லு" என்பார். அக்கா இத்தனை வருஷம் ஓடியதில் ஒரு நாள்கூட அவர் வந்து பார்த்ததில்லை. ஷிப்ட் ஒரு காரணம்; ஷிப்ட் இல்லாத நாளில் தூக்கம் ஒரு காரணம். நான் ஒருமுறை வாயை விட்டுக் கேட்டேன்.

"ஓடறத இன்னாம்மா பாக்கறது? நேரா போயிகினே இருப்பா. அவ்ளோதானே?"

சதுரங்கப்பட்டினம் சாலையில் அக்காவை ஒரு நாய் துரத்தி, விழுந்து, இரண்டு முழங்காலும் சிராய்த்து வந்த அன்றுதான் அவர் நிறையப் பேசினார். டெட்டாலைப் பஞ்சில் நனைத்துக்கொண்டே பேசினார்.

"போதும் வுடு. நான் ரிட்டயர் ஆயி நம்ம திருப்போரூர் வூட்டுக்குப் போனப்பறம் முட்டி வலிக்குதுன்னு நீ ஒக்காந்துகினா யாரு பாக்கறது? ஓடி இன்னா கெடைக்கப் போவுது?"

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்தார். மாமல்லபுரத்தில் பத்து கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று வருகிறது, பேர் கொடுத்திருக்கிறேன், இதோடு நிறுத்திவிடுவதாக அவரிடம் சொல்லிவிட்டேன் என்றார். சொல்லும்போது குரல் இறங்கிப்போயிருந்தது. அக்காவுக்குப் பரிசு பைத்தியம் கிடையாது. அந்த மனுஷர் ஒரு தடவையாவது, அது நேராகப் போவது மட்டும் இல்லை என்று பார்த்துவிட்டு, அப்புறம் நிறுத்து என்று சொல்லியிருந்தால் அக்கா மனசோடு நிறுத்தியிருப்பார். பார்க்காமலேயே சொன்னதுதான் அவருக்கு ஆறவில்லை.

"நீ ஸ்கூட்டர்ல பின்னாடியே வந்து வீடியோ எடு. எனக்கு கால் எப்டி வுழுதுன்னு பாக்கணும். மெமரி காலியா கீதா பாத்துக்கோ."

"அதெல்லாம் இருக்குக்கா" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் ஸ்கூட்டர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து போனைப் பிடித்தேன். மாமல்லபுரத்தில் தொடங்கி, கிழக்குக் கடற்கரைச் சாலையோடு தெற்கே வந்து, திரும்பி அங்கேயே போய் முடிகிற ஓட்டம். ஓரமாகப் போனால் ஸ்கூட்டரை விட்டார்கள். அக்கா சல்வார் கமீஸுக்கு மேல் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தார். கையில் பிளாஸ்திரி ஒட்டிய வாட்ச். காதில் பஞ்சு. முதல் நாள் ராத்திரி அவர் அணிக்கு ஆட்டம் இருந்தது. ஓட வந்த இளவட்டங்கள் பாதிப் பேர் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நாற்பத்தைந்து வயது தாண்டிய பெண்களுக்கு மட்டும் பச்சை நிறத்தில் எண் அட்டை. அதனால் அந்தக் கூட்டத்தில் அவர் போட்டி யாரோடு என்பது சுலபமாகத் தெரிந்தது. இரண்டு பச்சை அட்டைகள் ரொம்ப முன்னால் போய்விட்டன. மூன்றாவதாகச் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு அம்மாள். அவருக்குப் பின்னால் அக்கா. மூன்று பேருக்குத்தான் கோப்பை. திரும்பி வரும் வழி முழுக்க அந்தத் தொப்பிக்கும் அக்காவுக்கும் இடையில் தூரம் கூடுவதும் குறைவதுமாக இருந்தது. எனக்குக் கை மரத்துப்போனது. "அக்கா, அக்கா" என்று நான் கத்தியது அவருக்குக் கேட்டிருக்காது. மெயின் ரோட்டிலிருந்து கடற்கரைப் பக்கம் திரும்புகிற கடைசித் திருப்பத்துக்கு அந்தப் பக்கம், முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால், அக்கா தொப்பியைத் தாண்டினார். நான் ஸ்கூட்டரிலிருந்து குதிக்காத குறை.

கோட்டைத் தாண்டியவர் நிற்கவே இல்லை. வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு நேராகப் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார். தனக்கு முன்னால் எத்தனை பச்சை அட்டை போனது என்று எண்ணிப் பார்க்கிற ஆளா அவர்? நான் பின்னாலேயே ஓடி, தோளைத் தொட்டு, "அக்கா, நீங்க" என்று ஆரம்பித்தேன்.

"சொல்லாத!" என்று கையை நீட்டினார். "ஒரு வார்த்த பேசாத. அங்க ரெண்டு பசங்க மூஞ்சிய தொங்க போட்டுகினு நிக்கறத பாத்தே எனக்கு மாட்ச்சு பாதி தெரிஞ்சிடுச்சி. நான் வூட்டுக்குப் போறேன்."

புதுப்பட்டினம் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். மைக்கில் அவர் பெயரைக் கூப்பிட்டபோது நான்தான் மேடையேறி, அவருக்குப் பதிலாகக் கோப்பையை வாங்கினேன். போட்டோவும் எடுத்தார்கள். அந்தப் படத்தில் ஓடாமலேயே மூன்றாவது வந்தவளாக நிற்கிறேன்.

வீட்டுக்கு வந்தால், அக்கா குளித்து முடித்துச் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். "வா, போட்டு வுடு." கோப்பை என் பையில். அக்காவின் வீட்டுக்காரர் காலை ஷிப்ட்டுக்குப் போயிருந்தார்.

"அக்கா, அதுக்கு முன்னாடி ஒரு விஷயம்."

"மாட்ச் முடியட்டும்."

ரிமோட்டை வாங்கினேன். ஆப்பைத் திறந்ததும் முடிவு தெரிந்தது. சிவப்புச் சட்டை தோற்றிருந்தது. அன்றைக்கு நான் திரும்பாமல் போகவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன். அக்கா ஒவ்வொரு பந்துக்கும் எழுந்து உட்கார்ந்தார். கோல் சமமானபோது என் கையைப் பிடித்து நசுக்கினார். தோற்கப்போகிற ஆட்டத்துக்கு இவ்வளவு ஆசையா என்று எனக்குப் பாவமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் நானும் முடிவை மறந்துவிட்டு, அடிடா அடிடா என்று கத்திக்கொண்டிருந்தேன்.

தோற்றதும் அக்கா டிவியை அணைத்துவிட்டு, "நல்லா ஆடுனாங்க" என்றார். "சரி, மடில இன்னா வெச்சிகினு கீற?"

எடுத்துக் கொடுத்தேன். சின்னக் கோப்பைதான், பால் டம்ளர் உயரம். அடியில் எழுதியிருந்ததை வாசித்தார். திரும்ப வாசித்தார். "நானா? மூணாவதா?" என்றார். பிறகு நைட்டியின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னை ஒரு அடி அடித்தார். "இத்த வெச்சிகினா இவ்ளோ நேரம் சும்மா ஒக்காந்திருந்த?" எனக்கு அந்த மாதிரி ஒரு சந்தோஷம் என் சொந்தக் கல்யாணத்தில்கூட வரவில்லை.

வெளியே ஷிப்ட் பஸ் நிற்கிற சத்தம் கேட்டது. அக்கா சட்டென்று கோப்பையை டிவி ஸ்டாண்டில் வைத்து அதன் மேல் ஒரு துண்டைப் போட்டார். என் போனைப் பிடுங்கி டிவியோடு இணைத்தார்.

"அவருகிட்ட சொல்லாத" என்றார்.

வீட்டுக்காரர் கைகால் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். அக்கா தட்டில் சோற்றைப் போட்டு, சாம்பாரை ஊற்றி, வீடியோவை ஓடவிட்டார்.

"இன்னா இது?"

"நான் ஓடறது. மொதல்லேர்ந்து பாரு."

"கடைசில இன்னா ஆச்சு, அத்த சொல்லேன்."

"பாரு."

அவர் தட்டைப் பார்த்துத்தான் சாப்பிட்டார். ஒவ்வொரு கவளத்துக்கும் இடையில் ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பார், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து, சாலையோரத்தில் படுத்திருந்த ஒரு நாய் எழுந்து அக்காவைப் பார்த்து நடந்தது. "ஏய், நாயி!" என்று கத்தி, காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார். நாய் வேறு யார் பின்னாலோ போய்விட்டது. காலை இறக்கினார். அதற்கப்புறம் தட்டைப் பார்க்கவில்லை.

"யாரு அந்த செவப்புத் தொப்பி?"

"என் வயசுக்காரிங்கள்ல ரெண்டு பேரு முன்னாடியே போயிட்டாங்க. அவ மூணாவது. மூணு பேருக்குத்தான் கப்பு."

"நீ ஏன் பின்னாடியே போற? தாண்டேன்."

"மூச்ச பிடிச்சி வெச்சிகினு போறேன். இரு."

"இப்ப தாண்டு. அவ தோளு தொங்கிடுச்சி பாரு. அய்ய, வுட்டுட்டியே! இன்னாடி நீ!"

அக்கா டிவியைப் பார்க்கவில்லை. சாம்பார்க் கரண்டியோடு நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் மெயின் ரோடு முடிந்தது. கடைசித் திருப்பம் வந்தது. தொப்பி திரும்பியது. அக்கா திரும்பினார். படம் அப்படியே நின்றுவிட்டது.

"இன்னா ஆச்சு? இன்னா ஆச்சு?"

நான் போனைப் பார்த்தேன். மெமரி ஃபுல். ரோஜாப்பூவும் விளக்கும் சேர்ந்து கடைசித் திருப்பத்தில் எங்களைக் கவிழ்த்துவிட்டன. "அண்ணே, இதுக்கு மேல ரெக்கார்ட் ஆகலண்ணே" என்றேன்.

"நீ அங்கதானம்மா இருந்த? நீ சொல்லு! தாண்டுனாளா?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா கையை நீட்டினார்.

"சொல்லாத." பிறகு அவரைப் பார்த்து, "ரசம் ஊத்தட்டா?"

"ரசம் கெடக்குது! கேக்கறேன்ல?"

அக்கா டிவி ஸ்டாண்டு பக்கம் போய்த் துண்டை எடுத்தார். வீட்டுக்காரர் கோப்பையைப் பார்த்தார். எழுந்து போய், இடது கையால் எடுத்து, அடியில் இருந்ததைப் படித்தார். முடிவு தெரிந்துவிட்டது. இதோடு தட்டுக்குத் திரும்பிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். அந்த மனுஷரை நான் அப்படித்தான் அறிந்திருந்தேன்.

அவர் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"சரி, தாண்டிட்ட. எப்டி தாண்டுன? அந்த திருப்பத்துலேர்ந்து சொல்லு."

அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். வீட்டுக்காரரின் வலது கையில் சோறு காய்ந்துபோயிருந்தது. கழுவ எழுந்திருக்கவில்லை. எனக்கு அங்கே இனி வேலை இல்லை. போனைக் கழற்றிக்கொண்டு மாடிக்கு வந்தேன். உலை வைத்து, அரிசி களைந்து போட்ட பிறகும் கீழேயிருந்து அக்காவின் குரல் வந்துகொண்டே இருந்தது. நடுநடுவே, "அப்பால?" என்று வீட்டுக்காரரின் குரல். சிவப்புத் தொப்பியை அக்கா இன்னும் தாண்டியிருக்கவில்லை.